இரண்டு காமிராக்கள்



கார்த்திகைத் தீபத்தன்று மாலை வேங்கிக்காலில் மொட்டைமாடி உள்ள வீடுகளில் எல்லாம் மக்கள் நிரம்பி நிற்பார்கள். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் ஆறு மணிக்குச் சுடர் எழும் வேளையை எதிர்நோக்கி, ஊர் முழுவதும் ஒரே திசையில் முகம் திருப்பிக் காத்திருக்கும். நான் குடியிருக்கும் இல்லத்தின் மாடிக்கும் அண்டை வீட்டார் ஆண்டுதோறும் வருவதுண்டு. அவர்கள் கைகூப்பி நிற்க, நான் ஓர் ஓரமாக நாற்காலியிட்டு அமர்ந்து சிறுவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன்.

ஈராண்டுகளுக்கு முன் அந்த மாடிக்கு எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். திருமணங்களுக்குப் படம் எடுப்பது அவர் தொழில். அப்போதுதான் வங்கிக் கடன் பெற்று, லென்ஸோடு சேர்த்து ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து, மிரர்லெஸ் காமிரா ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய மறுநாளே அதை மந்திரித்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்த நல்ல பிள்ளை அவர். அன்று முக்காலியை ஊன்றிக் காமிராவை அதன்மேல் பூட்டிக் காத்திருந்தார். என்னிடமும் ஒரு காமிரா இருந்தது. 2009ஆம் ஆண்டு நான் வாங்கியது. ஒரு சவர்க்காரக் கட்டியின் அளவே இருக்கும். அங்கியின் பையில் போட்டால் போட்டதே தெரியாது.

சுடர் எழுந்தது. இருவரும் படம் எடுத்தோம். பிறகு அவர் இரண்டு காமிராக்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். என் படத்தில் கரிய பரப்பின் நடுவே மஞ்சள் புள்ளி ஒன்று. அதைச் சுற்றி யாரோ கோலப்பொடியை இறைத்தாற்போல் நிறப்பொரிகள். அவர் படத்திலோ சுடருக்கு வடிவம் இருந்தது. மலைச்சரிவின் கோடு தெளிவாய்த் தெரிந்தது. வானத்தின் நீலம்கூட முற்றும் மங்காமல் இருந்தது.

"ஃபாதர், இன்னும் எத்தனை நாள் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிறீர்கள்?" என்று அவர் கேட்க, மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அன்று நான் சொல்லாத விடையை இன்று எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய காமிராவுக்குரிய நீதியை வழங்கிவிடவேண்டும். அதன் பெருமை வெறும் விலைப் பெருமை அன்று. காமிராவுக்குள் ஒளியை ஏந்திக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு, சென்சார் என்பார்கள். அவருடைய காமிராவில் அத்தகடு 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். என் பெட்டியில் உள்ளதோ ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர்; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முப்பது மடங்கு வேறுபாடு! மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்துப்பாருங்கள். பெய்வது ஒரே மழை, நேரமும் ஒன்றே. ஆனால் அகன்ற வாய் ஏந்தும் நீரைக் குறுகிய வாய் ஏந்துமா? பெருமழையில் டம்ளரும் நிரம்பிவிடும். எனவேதான் நடுப்பகலில் என் பெட்டியும் நன்றாகவே படம் எடுக்கிறது. தூறலில்தான் வித்தியாசம் தெரியும். அந்தியும், மெழுகுதிரியும், மலையுச்சிச் சுடரும் ஒளியின் தூறல்கள்.

கடைக்காரர்கள் மெகாபிக்சல் கணக்கையே முதலில் சொல்வார்கள். என்னுடையது 10, அவருடையது 24. இதைக் கேட்டுவிட்டு, "இரண்டரை மடங்குதானே" என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். எத்தனை நாற்று நட்டோம் என்பது மட்டுமா விளைச்சல்? வயலின் பரப்பும் வேண்டாமா? அதோடு அவருடைய காமிராவில் தேவைக்கேற்ப லென்ஸைக் கழற்றி மாற்றலாம். அது மனிதருடைய கண்ணைத் தானே கண்டறிந்து, அவர் நகர்ந்தாலும் அந்தக் கண்ணையே தெளிவாக வைத்துக்கொள்ளும். இவற்றில் ஒன்றும் என் பெட்டிக்கு வராது.

"மிரர்லெஸ்" என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். முன்பு தொழிலாளர் கையில் இருந்த எஸ்.எல்.ஆர். காமிராக்களில், லென்ஸ் வழியாக வரும் ஒளியை மேலே திருப்பிக் கண்ணுக்கு அனுப்ப உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது. படம் எடுக்கும் கணத்தில் அது "டக்" என்று மேலெழும்பி வழிவிடும். 2008ஆம் ஆண்டு பானாசோனிக் நிறுவனம் வெளியிட்ட ஜி-1 என்ற காமிராவிலிருந்து அக்கண்ணாடி இல்லாத புதிய வகை பரவத் தொடங்கியது. சென்சார் காணும் காட்சியே சிறு மின்திரையில் நம் கண்ணுக்கு வந்துவிடுவதால் கண்ணாடிக்கு வேலை இல்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் எளிய பெட்டியிலும் அந்தக் கண்ணாடி இல்லை. அதன் இனத்தில் என்றுமே இருந்ததில்லை. ஏழை வீட்டில் நெடுநாளாய் இருந்த ஒன்று பணக்கார வீட்டிற்குப் போனபின்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள்!

வேடிக்கை அதோடு முடியவில்லை. இன்று பெரிதென்று போற்றப்படும் இந்த 36-க்கு 24 மில்லிமீட்டர் அளவு, ஒரு காலத்தில் மிகச் சிறியதாகக் கருதப்பட்டது. நம் இல்லங்களில் மாட்டியிருக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் படத்தை நினைத்துப் பாருங்கள். அவருடைய அக்காள் செலின், 1894ஆம் ஆண்டு லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது தம் காமிராவையும் உடன் கொண்டுசென்றார். 1897இல் தெரேசா இறக்கும்வரை அதைக்கொண்டு அவர் எடுத்த படங்களால்தான் அந்த இளம் துறவியின் உண்மை முகம் உலகுக்குத் தெரிந்தது. அது 13-க்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகட்டில் படம் பதிக்கும் கருவி. படம் பதியச் சில விநாடிகள் பிடித்ததால், அதுவரை அசையாமல் இருக்கவேண்டியிருந்தது.

அதே அளவுத் தகட்டுக் காமிராவைச் சுமந்து மலையேற முடியாமல் தவித்தவர், ஆஸ்துமா நோயாளியான ஆஸ்கர் பார்னாக் என்ற ஜெர்மானியத் தொழிலாளி. சினிமாப் படச்சுருளைக்கொண்டு அவர் உருவாக்கிய கைக்கடக்கமான கருவிதான் 1925இல் லைக்கா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் பதியும் படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். கண்ணாடித் தகட்டின் பரப்பில் இருபத்தேழில் ஒரு பங்கு. அதாவது, பெரிய காமிராவுக்கு முன்னே என் பெட்டி இன்று எவ்வளவு சிறியதோ, ஏறத்தாழ அவ்வளவு சிறியதாக அன்றைய கண்ணாடித் தகட்டுக்கு முன்னே லைக்கா இருந்தது.

அந்தச் சிறு காமிரா நம் திருவண்ணாமலைக்கும் வந்தது. 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி நோயுற்றுக் கடைசி நாட்களில் இருந்தபோது, ஆன்றி கார்த்தியே-பிரசோன் என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் இங்கு வந்து தங்கியிருந்தார். காந்தியடிகளை அவர் சுடப்பட்ட நாளன்றே சந்தித்துப் படம் எடுத்தவரும் இவரே. இவர் கையில் இருந்தது லைக்கா. பளபளப்பு எவர் கண்ணையும் உறுத்தாதபடி அதன் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துவைப்பார். ஃபிளாஷ் விளக்கை விரும்பமாட்டார். பெரும்பாலும் ஒரே லென்ஸைத்தான் பயன்படுத்துவார். ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு மகரிஷி காலமானபோது வானில் ஒளி ஒன்று மெல்ல நகர்ந்து சென்றதை இவரும் கண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். அந்நாட்களில் அங்கு கூடியிருந்த மக்களையும் அவர்களுடைய துயரத்தையும் இவர் எடுத்த படங்கள் இன்றும் பேசுகின்றன. சாவு நிகழும் இல்லத்தில் ஆரவாரமின்றி நுழைந்து நிற்கச் சிறு கருவியே ஏற்றது. குருவாக முப்பதாண்டுகள் அத்தகைய இல்லங்களுக்குச் சென்று வருகிற எனக்கு இது நன்கு விளங்கும்.

"அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே, சாமி!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உண்மை. ஜப்பானியக் காமிரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி, 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் 80 இலட்சத்திற்கும் குறைவு. மறைந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை என் பெட்டியைப் போன்றவையே. நான் இதை வைத்திருப்பதற்குக் காரணம் சிறியது: படம் எடுக்கும்போது இது மணி அடித்து என்னை வேறெங்கும் அழைப்பதில்லை. கையில் செல்போன் உள்ளவர்கள் இனி நான் சொல்வதைச் செல்போனுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம்.

மற்றொரு காரணமும் உண்டு. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனினும் அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

என் தாயார் சேத்துப்பட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். இந்தப் பெட்டியை வாங்கிய புதிதில், ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைப் படம் எடுப்பேன். "சாமி, நான் என்ன கலியாணப் பெண்ணா?" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைச் சரிசெய்துகொள்வார். அப்படி எடுத்தவற்றைப் பிரிண்ட் போடாமல் கணினியிலேயே விட்டிருந்தேன். அந்தக் கணினி ஒருநாள் பழுதாகிப் படங்கள் எல்லாம் போயின. "மறுபடியும் எடுத்தால் ஆயிற்று" என்று இருந்துவிட்டேன். அதற்குள் என் தமக்கை மகன் விலையுயர்ந்த காமிரா ஒன்று வாங்கினான். அதன் படங்களைப் பார்த்தபின் என் பெட்டியை நாலுபேர் முன் எடுக்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனபோது அதை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். "பொங்கலுக்கு அவன் வருகிறான், நல்ல படமாகவே எடுத்துக்கொள்ளலாம்" என்பது என் எண்ணம்.

அன்று மாலை அம்மா திண்ணையில் அமர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சாய்ந்த வெயில் அவர் கைகளின்மேல் விழுந்தது. நிமிர்ந்து, "அந்தப் பொட்டி எங்கே, சாமி?" என்று கேட்டார். கொண்டுவரவில்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மொச்சையை உரித்தார்.

பொங்கலுக்கு அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. தை முடிவதற்குள் அம்மா காலமானார். இன்று என் அறையில் மாட்டியிருப்பது, குடும்ப அட்டைக்காக எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கிய படம். அதில் அம்மா எவரையோ கண்டு அஞ்சியதுபோல் இருக்கிறார். மொச்சை உரித்த அந்தக் கைகள் எங்கும் பதியவில்லை. பெட்டி கெட்டுப்போனதால் அன்று. வெளிச்சம் போதாமல் அன்று. என் வீண் கௌரவத்தால். அன்றிலிருந்து அந்தக் காமிரா என் பையைவிட்டு நீங்குவதில்லை.

இனி அந்த இளைஞருக்குரிய விடைக்கு வருகிறேன்.

வேங்கிக்கால் ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீட்டில் கைம்பெண்ணான ஒரு பாட்டி இருந்தார். கீரை விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். தீபத்திற்கு அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில், ஆலய விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு மெழுகுதிரிகளை மட்டும் ஏற்றியிருந்த வேளையில், அந்த இளைஞர் தம் காமிராவால் பாட்டியைப் படம் எடுத்தார். திரியின் ஒளி முகத்தில் பட, கண்களில் சுடர் தெரிய, சுருக்கம் ஒவ்வொன்றும் பதிந்திருந்த அப்படத்தைக் கண்டு நான் வாயடைத்துப்போனேன். என் பெட்டியால் அந்த இருட்டில் ஒன்றுமே செய்திருக்க முடியாது.

பிறகு பாட்டி படுத்த படுக்கையானார். அதற்குச் சில வாரங்கள் முன், முதல் வெள்ளியன்று நற்கருணை கொடுக்கப்போனபோது, பேத்தி கேட்டதற்காக வாசல் திண்ணையில் வைத்து நானும் ஒரு படம் எடுத்திருந்தேன். சாதாரணப் படந்தான். ஆடி மாதம் அவர் இறந்தார். மகன் வந்து படம் கேட்டபோது இரண்டையும் கொடுத்தோம். அவர் தயங்காமல் இளைஞர் எடுத்ததைத் தேர்ந்தெடுத்துச் சட்டம் போட்டார். அதுவே முறை என்று நானும் சொன்னேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஓசூரிலிருந்து மகள் வந்தார். திருப்பலி முடிந்தபின் என்னைத் தேடிவந்து, நான் எடுத்த படத்தைக் கேட்டார். கொடுத்தேன். தாயின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பிறகு விரலை அப்படத்தின் ஓரங்களில் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். கீரைக் கூடை, மாலையிட்ட தந்தையின் படம், நாள் கிழிக்காத காலண்டர், திண்ணைத் தூணில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கரிக்கோடுகள்.

"பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அம்மா எங்களை இங்கே நிறுத்திக் கோடு போடுவாங்க" என்றார். "வீட்டை இடித்து மாடி வீடு கட்டப்போகிறார்கள், சாமி. முகம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. எனக்கு இந்தத் தூண் வேண்டும்."

இதில் என் திறமை ஏதும் இல்லை. கருவியின் இயல்பே அது. பெரிய சென்சாரும் அகன்ற வாயுள்ள லென்ஸும் உள்ள காமிரா, எதைக் குறிவைக்கிறதோ அதைத் தெளிவாக்கி, பின்னால் இருப்பதை எல்லாம் பனிபோல் கரைத்துவிடும். முகம் மட்டும் தனித்து ஒளிரும். அதற்காகவே அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். சிறு சென்சாருக்கு அந்தத் திறமை இல்லை. அது முகத்தையும் தூணையும் ஒரே தெளிவில் காட்டிவிடும். கலைஞர்கள் இதைக் குறை என்பார்கள்; படத்தில் அழகு குறைவது உண்மையே. ஆனால் எடுத்த நாளில் நாம் முகத்தைப் பார்க்கிறோம். ஆண்டுகள் சென்றபின் முகத்தோடு சேர்த்துப் பின்னால் இருந்தவற்றையும் தேடுகிறோம். அந்த அடுப்பு, அந்தக் கூடை, அந்தச் சுவரின் நிறம்: இவை மறையும் என்று அன்று எவர் நினைத்தார்?

ஆகவே, எது சிறந்தது என்று என்னைக் கேட்கும் குடும்பங்களுக்கு என் சொல் இது. படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர் பெரிய காமிராவை வாங்கட்டும். திருமண மண்டபத்தின் மங்கிய ஒளியில் பிறருடைய வாழ்நாள் நிகழ்ச்சியைச் சிறு பெட்டியை நம்பி ஏற்பது பொறுப்பாகாது. கலையாகப் பயில விரும்பும் பிள்ளைக்கும் அது தகும். ஆனால் வீட்டு நினைவுக்காகக் கடன்பட்டு அதை வாங்கிப் பீரோவில் பூட்டிவைப்பதில் பொருள் இல்லை. இரண்டில் எதை வைத்திருந்தாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையாவது பிரிண்ட் போடுங்கள். பின்புறத்தில் பெயரும் நாளும் ஊரும் எழுதிவையுங்கள். கணினியில் உள்ளவற்றை வேறொரு இடத்திலும் சேமியுங்கள். அதைச் செய்யாமல் இழந்தவன் சொல்கிறேன். முதியவர் இருக்கும் வீட்டில் "நல்ல காமிரா வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள்.

வரும் கார்த்திகையிலும் அந்த இளைஞர் முக்காலியோடு எங்கள் மாடிக்கு வருவார். மலையுச்சிச் சுடரை அவர் எடுக்கட்டும். அதை எடுக்கத்தக்கது அவர் காமிராதான். நான் மலைக்கு முதுகு காட்டி நின்று, சுடரைப் பார்த்து நிற்கும் அண்டை வீட்டாரை எடுப்பேன். மூன்று கெஜத் தொலைவுக்கு என் பெட்டியின் சிறு ஃபிளாஷே போதும். எதிர்வீட்டுத் தாத்தாவுக்குச் சென்ற ஆண்டே படி ஏற முடியவில்லை. இந்த ஆண்டு அவரை நாற்காலியோடு தூக்கிவர ஆள் சொல்லியிருக்கிறேன்.